கந்தப்பளைக்கு எந்த மெஷின்

கந்தப்பளை
2025 ஜனவரி 5

கேஷிகா அப்பாவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் நேற்றுப் போனிலேயே முடிந்துவிட்டது. சண்டையும் முடிந்துவிட்டது, அதாவது நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். இனிமேல் போனில் பிள்ளையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் மட்டும் பேசுவோம். மெஷின் கதை எல்லாம் காகிதத்தில். காகிதத்தில் இடையே புகுந்து கத்த முடியாது பாருங்கள், அந்த ஒரு நன்மைக்காகவே இந்த ஏற்பாடு.

நீங்கள் காதில் வாங்காததை மறுபடியும் சொல்கிறேன். நம் தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களை எடுத்து ஹோட்டல் நடத்தும் கம்பனி, எல்லா இடத்துப் புல்லையும் ஒரே ஆளிடம் கொடுக்கப் பார்க்கிறது. பெரிய பங்களா, சின்ன துரை பங்களா, பழைய ஆஸ்பத்திரி, கிளப் மைதானம், நாலும். இப்போது நானும் ராசம்மா அக்காவும் இன்னும் இரண்டு பேரும் புல் வெட்டும் கிராஸ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பெரிய பங்களாவில் மட்டும் வெட்டுகிறோம். கொழுந்து எடுத்த கைக்கு இது லேசான வேலைதான். ஆனால் நாலு இடத்தையும் இப்படி முடிக்க முடியாது. கிளப் மைதானத்தில் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைக்குப் போவதற்குள் முதல் மூலையில் புல் வளர்ந்துவிடும். விருந்தாளிகள் குவியும் ஏப்ரல் சீசனுக்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறார் கம்பனி மெனேஜர். பெப்ரவரி நடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் இல்லை என்றால் கொழும்பில் இருந்து ஆள் வரும்.

நுவரெலியாவுக்குப் போய், மெஷின் சாமான் விற்கும் இஸ்ஸதீன் நானாவைப் பார்த்தேன். அவர் கடையில் ஒரு சீரோ டேர்ன் நிற்கிறது. உட்கார்ந்து ஓட்டும் மெஷின், ஆனால் ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு லீவர், நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அங்கே தினமும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கடையில் இருப்பது வீட்டுத் தோட்டத்துக்கான ரகம் என்று நானா ஒளிக்காமல் சொன்னார். தொழிலுக்கான பெரிய ரகம் வேண்டும் என்றால் கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும். நாம் சேர்த்து வைத்திருப்பதற்குச் சின்னது இன்றைக்கே வரும். பெரியதுக்கு நீங்கள் இன்னும் இரண்டு வருஷம் அங்கே இருக்க வேண்டும்.

எனக்குச் சின்னதுதான் வேண்டும். அது நல்ல மெஷின் என்பதற்காக இல்லை. சின்னது என்றால் நீங்கள் மார்ச் மாதம் கொன்றாக்ட் முடிந்ததும் வந்துவிடலாம். இதைச் சொன்னதற்குத்தான், "அது வெளாட்டுச் சாமான், அதுக்காக நான் வரணுமா" என்று கேட்டீர்கள். நான் அழவில்லை. இரவு சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

சுதர்ஷினி


டோஹா
2025 ஜனவரி 10

சுதர்ஷினிக்கு,

சாப்பிடாமல் இருந்தது தப்பு. மற்றபடி கடித ஏற்பாட்டுக்குச் சம்மதம். எனக்கு எழுத வராது என்று தெரிந்துகொண்டே இதைச் செய்திருக்கிறாய், பரவாயில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, லீவு. உடுப்புத் துவைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விளையாட்டுச் சாமான் என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. கோபப்படாமல் படி. கத்தி சுழலும் தட்டு இருக்கிறதே, வீட்டு ரகத்தில் அதை மெல்லிய தகட்டை அமுக்கிச் செய்திருப்பார்கள். ஒரு கல் பட்டால் நெளியும். தொழில் ரகத்தில் தடித்த தகட்டை வெட்டிப் பற்றவைத்திருப்பார்கள், கல்தான் உடையும். அடுத்தது, பின் சக்கரத்தை ஓட்டுகிற எண்ணெய்ப் பெட்டி. வீட்டு ரகத்தில் அதை மூடியே விடுகிறார்கள். எண்ணெய் மாற்றவும் வழியில்லை, சூடேறிச் சோர்ந்துவிட்டால் முழுப் பெட்டியையும் கழற்றி எறிய வேண்டும். அதோடு, கூலிக்குப் புல் வெட்டுகிறாய் என்று தெரிந்தால் விற்றவன் தரும் கெரண்டியும் போச்சு.

இங்கே எங்கள் கம்பனியும் ஒரு முறை சிக்கனம் பார்த்து வீட்டு ரகம் ஒன்று வாங்கியது. அந்த வெயில் காலம் முடிவதற்குள் தட்டு வெடித்துவிட்டது. ஷெட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டோம். இப்போது அதன் சீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது. நல்ல மெத்தை சீட், அதை நான் மறுக்கவில்லை.

நாலு இடம் என்றால் மெஷின் தினமும் ஓட வேண்டும். தினமும் ஓடுவதற்குச் சின்னது செய்யப்படவில்லை. ஒரு வருஷம் தாங்கும், மிஞ்சினால் இன்னொரு சீசன். சீசன் நடுவில் அது படுத்துவிட்டால் கம்பனி அடுத்த நாளே வேறு ஆளைப் பிடிக்கும். அப்போது நான் வீட்டில் இருப்பேன், வேலை இருக்காது. மறுபடியும் ஏஜென்சிக்காரன் வாசலில் போய் நிற்க வேண்டும். முதல் முறை போகும்போது ஊரே வந்து வழியனுப்பியது. இரண்டாம் முறை போகிறவனை எல்லாரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

அதனால் இன்னும் இரண்டு வருஷம். இந்த முறை வேலையைக் கொழும்பு ஆள் எடுத்தால் எடுக்கட்டும், அடுத்த முறை நாம் கேட்போம். சூப்பர்வைசர் புதுக் கொன்றாக்டை மேசையில் வைத்துவிட்டான், இந்த மாத முடிவுக்குள் கையெழுத்துக் கேட்கிறான். பிறகு பெரிய மெஷினோடு வந்து, போகாமலே இருந்துவிடுகிறேன். நீ ஒன்று எழுது. நாலு இடமும் சமதரையா, சரிவா? மொத்தம் எவ்வளவு நேரம் ஓட வேண்டி வரும்?

விஜேந்திரன்


கந்தப்பளை
2025 ஜனவரி 14

கேஷிகா அப்பாவுக்கு,

பொங்கல் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை ராசம்மா அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். "பூனைக்காவது அந்த மெஷின் ஒதவுச்சே" என்றார்.

நாலு இடமும் சமதரைதான். சின்ன துரை பங்களா பூட்டிக் கிடந்த காலத்தில் நீங்கள் எல்லாரும் கிரிக்கெட் விளையாடிய இடந்தானே, உங்களுக்குத் தெரியாததா? கொழுந்து மலை மாதிரி எங்கேயும் இல்லை. கூடையை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். நேரக் கணக்கையும் அக்காவும் நானும் நாலு இடத்துக்கும் நடந்து பார்த்துப் போட்டோம். எப்படிப் போட்டாலும் நீங்கள் சொன்னதுதான் வருகிறது, மெஷின் தினமும் ஓட வேண்டும். ஆகவே நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். சந்தோஷமாக இருங்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இதைப் போனில் சொல்ல முடியாது. நேற்று ராகலையில் இருந்து என் சித்தி வந்திருந்தார். கேஷிகாவிடம், "அப்பா எங்கம்மா இருக்காங்க" என்று கேட்டார். இவள் வீட்டுப்பாடத்தில் இருந்து தலையைத் தூக்காமலே, "போன்ல இருக்காங்க" என்றாள். கத்தார் என்று சொல்லவில்லை, வெளிநாடு என்று சொல்லவில்லை. அப்பா கடையில் இருக்கிறார், தேயிலை ஸ்டோரில் இருக்கிறார் என்று மற்றப் பிள்ளைகள் சொல்வது போலச் சொன்னாள். நீங்கள் கூப்பிடும்போது அவள் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பதை நான் இவ்வளவு நாளும் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் கழித்து அவள் பெரிய பிள்ளை. அதற்குப் பிறகு நீங்கள் வந்து யாருக்கு அப்பாவாக இருக்கப் போகிறீர்கள்?

இன்னொன்றும் கேட்கிறேன். நீங்கள் மெஷின் தெரிந்த ஆள். எது படுத்தாலும் பிரித்துப் பூட்டி எழுப்பிவிடுவீர்கள். அப்படிப்பட்டவருக்குச் சின்ன மெஷினைக் கண்டு ஏன் இத்தனை பயம்? தட்டு, பெட்டி, கெரண்டி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எழுதாத காரணம் ஒன்று இருக்கிறது. பாதிக் குடும்பம் போனில் நடத்தியவள்தான் நான், ஆனாலும் அது எனக்குத் தெரிகிறது.

இஸ்ஸதீன் நானா விடுவதாக இல்லை. "வாங்கினாலும் வாங்காட்டியும் பரவால்ல தங்கச்சி, ஒருக்கா ஓட்டிப் பாருங்க" என்று சொல்லி, இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை மெஷினை லொறியில் பெரிய பங்களாவுக்கே கொண்டு வருகிறாராம். மெனேஜரும் வந்து பார்ப்பாராம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுதர்ஷினி


டோஹா
2025 ஜனவரி 18

சுதர்ஷினிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் ஏன் போன் எடுக்கவில்லை என்று கேட்டாய். ஓவர்டைம் என்றேன். பொய். அவள் போனைச் சுவரில் சாய்த்து வைப்பாள் என்று தெரிந்த பிறகு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுதாத காரணத்தைக் கேட்டாய். சொல்கிறேன், சிரிக்காதே.

எங்கள் அப்பா அழகையா பெரிய பங்களாவில் தோட்டக்காரராக இருந்தது உனக்குத் தெரியும். கையால் தள்ளும் புல் வெட்டி ஒன்று வைத்திருந்தார். அவர் உள்ளே போவதும் வருவதும் பின்னால், சமையல் நடக்கும் குசினிப் பக்கத்துக் கேட் வழியாக. முன்பக்கத்துப் புல்லை வெட்டுவது முழுக்க அவர்தான், ஆனால் முன்பக்கத்துக் கேட் அவருக்கு இல்லை. சின்ன வயதில் ஒரு நாள் அம்மா சோறு கொடுத்து அனுப்பினார். மழை. நான் குறுக்கு வழி என்று முன் கேட்டால் போய்விட்டேன். காவல்காரன் வைது திருப்பி அனுப்பினான். மலையைச் சுற்றிக் குசினிப் பக்கம் போவதற்குள் சோறு ஆறி, மழைத் தண்ணீரும் விழுந்துவிட்டது. அப்பா என்ன ஏது என்று கேட்கவே இல்லை, அப்படியே சாப்பிட்டார். அவருக்குக் கேட்காமலே தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இங்கே நான் ஓட்டும் மெஷின் நல்ல பெரியது. தலைக்கு மேலே வளைவுக் கம்பி, பெரிய பின் சக்கரம், இரண்டு பேர் பேசினால் கேட்காத சத்தம். அதில் உட்கார்ந்து கந்தப்பளையில் முன் கேட்டால் உள்ளே போகிற மாதிரி நினைத்துக்கொள்வேன். இந்தச் சூட்டில் எனக்குச் சோறு அந்த நினைப்புத்தான். வீட்டு ரகத்தில் ஏறிப் போனால், யாரோ துரை வீட்டுப் பிள்ளை ஓட்டிவிட்டு வைத்ததை நான் கடன் வாங்கி ஓட்டுவது போல இருக்கும். இது பைத்தியக்காரத்தனம் என்றால் பைத்தியக்காரத்தனம்தான்.

சனிக்கிழமை நீ ஓட்டு, வேறு யாரையும் விடாதே. லீவர் இரண்டையும் மெதுவாக முன்னால் தள்ளு, முட்டை பிடிப்பது போலப் பிடி. இரண்டையும் வெளிப்பக்கம் விரித்தால் நின்றுவிடும். முன் சக்கரம் இரண்டும் சும்மா உருளுவது மட்டும்தான், ஓட்டுவதும் திருப்புவதும் நிறுத்துவதும் பின் சக்கரம். பின் சக்கரத்துக்குப் பிடி இருக்கும் வரைக்கும்தான் மெஷின் உன் பேச்சைக் கேட்கும். புல் ஈரமாக இருந்தால் காயும் வரை பொறுத்திரு. சமதரைதானே, பயமில்லை.

கையெழுத்தை முப்பத்தோராம் தேதி போடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

விஜேந்திரன்


கந்தப்பளை
2025 ஜனவரி 26

கேஷிகா அப்பாவுக்கு,

முதலில், எனக்கு ஒன்றும் இல்லை. முழங்காலில் ஒரு சிராய்ப்பு, மஞ்சள் பூசியிருக்கிறேன். நேற்றுப் போனில் முகத்தைக் காட்டாமல் பேசியது நீங்கள் கேள்வி கேட்பீர்கள் என்றுதான்.

லொறி வந்தது, எங்களையும் ஏற்றிக்கொண்டு உள்ளே போனது. முன் கேட்டால்தான் போனோம். உங்கள் குசினிப் பக்கக் கேட் இப்போது இல்லை. அங்கே வெள்ளைக்காரர்கள் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்வதற்கு அறை கட்டியிருக்கிறார்கள். இத்தனை நாளாக அந்த ஒரே கேட்டால்தான் நாங்களும் வேலைக்குப் போய் வருகிறோம், எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, முதலிலேயே உங்களிடம் சொல்லாமல் போனேனே என்று வருத்தப்பட்டேன். இல்லாமல் போன ஒரு கேட்டோடு நீங்கள் சண்டை போட்டுக்கொண்டு அந்த வெயிலில் இருக்கிறீர்கள். மாமா அந்தச் சோற்றைச் சாப்பிட்டதை நினைத்து ராத்திரி அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புல் நன்றாகக் காய்ந்திருந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். வீட்டு வாசல் ஓரமாக ஒரு சுற்று, அருமையாகப் போனது. ராசம்மா அக்கா கை தட்டினார். அடுத்த சுற்றுக் கீழே குளத்துப் பக்கம். திருப்பினேன். பின் சக்கரம் சறுக்கியது. லீவரை இழுத்தேன், விரித்தேன், மெஷின் என் பேச்சைக் கேட்கவில்லை. சவர்க்காரத்தில் காலை வைத்தது போலப் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. நீலப் பூங்கொத்துச் செடிகள் வேலி மாதிரி நின்றதால் தப்பித்தேன். அதற்கு அந்தப் பக்கம் குளம். நான் இறங்கிப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இஸ்ஸதீன் நானாவின் முகத்தில் ரத்தம் இல்லை. போனை எடுத்துத் தரையில் கிடத்தினார். சரிவைப் பாகையில் காட்டும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. நான் சறுக்கிய இடம் பத்தொன்பது. மெஷின் புத்தகத்தில் பதினைந்துக்கு மேலே ஓட்டக் கூடாது என்று போட்டிருக்கிறது. பெரிய மெஷினுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "சின்னதுக்கும் பெரிசுக்கும் பொஸ்தகத்துல ஒரே கணக்குத்தான் ஈக்குது தங்கச்சி. பெரிசு பாரம் கூட, சறுக்கினா செடியெல்லாம் தாங்காது" என்றார். பிறகு அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு மற்ற இடங்களுக்கும் நடந்தோம். சின்ன துரை பங்களாவும் பதினேழு.

நான் சமதரை என்று எழுதினேன். பொய் சொல்லவில்லை, சத்தியமாக எனக்கு அப்படித்தான் தெரிந்தது. தினமும் அதே புல்லில் நின்று வெட்டுகிறேன், ஒரு நாளாவது சரிவு என்று தோன்றியதில்லை. ராசம்மா அக்காவுக்கும் தோன்றவில்லை. கொழுந்து மலையில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்தே நின்று பழகியவர்களுக்கு, இரண்டு காலையும் சேர்த்து வைக்க முடிந்தால் அது மைதானம். லொறி டிரைவர் கொழும்புக்காரர், இறங்கியதுமே, "ஐயோ, பள்ளமா இருக்கே" என்றாராம். அவரை யாரும் கேட்கவில்லை.

இப்போது சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. மெனேஜர் காரில் ஏறிப் போய்விட்டார். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இனி உங்களை வா என்று கூப்பிட என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

சுதர்ஷினி


டோஹா
2025 ஜனவரி 29

சுதர்ஷினிக்கு,

முதலில் உன்னை வைய வேண்டும், வைதுவிட்டேன் என்று வைத்துக்கொள். குளம் இருந்தது என்று படித்ததும் எனக்குக் கை ஓடவில்லை. கேஷிகாவையும் உன்னையும் தவிர எனக்கு அங்கே என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு சிரித்தேன். அறையில் தனியாக இருந்து சிரித்ததைப் பார்த்து, கூட இருக்கும் வங்காளி எட்டிப் பார்த்தான். சின்ன துரை பங்களாவில் நாங்கள் கிரிக்கெட் விளையாடியபோது எல்லாரும் மேல் பக்கத்தில் நின்று அடிக்கத்தான் சண்டை போடுவோம். அங்கிருந்து பந்தை லேசாகத் தட்டினாலே தானாக உருண்டு போய் நாலு ஓட்டம். கீழே இருந்து அடித்தால் எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து திரும்பி வரும். அத்தனை வருஷம் விளையாடியும் நிலம் சாய்ந்திருக்கிறது என்று எங்களில் ஒருவனுக்கும் படவில்லை. மேல் பக்கம் ராசியான பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நீ எழுதியதை நான் அப்படியே நம்பியதும் அதனால்தான். இத்தனை வருஷமாகத் தட்டு மாதிரி மண்ணில் வேலை செய்தும் என் கண் இன்னும் மலைக் கண்ணாகவே இருக்கிறது.

இப்போது கவனமாகப் படி. கிளப் மைதானமும் ஆஸ்பத்திரியும் எத்தனை பாகை என்று நீ எழுதவில்லை. எழுதாததால் அவை இரண்டும் உண்மையான சமதரை என்று எடுத்துக்கொள்கிறேன், சரியா? அப்படியானால் மெஷின் ஓட வேண்டியது அந்த இரண்டில் மட்டும். தினமும் இல்லை. வாரத்தில் இரண்டு காலை, மழைக் காலத்தில் அதுவும் குறையும். அவ்வளவுக்குச் சின்ன மெஷின் தாங்கும். நான் பக்கத்தில் இருந்து தட்டைக் கழுவி, பெல்ட்டைப் பார்த்து, சூடேறினால் நிறுத்தி வைத்தால் நல்ல பல வருஷம் தாங்கும். பங்களா இரண்டும் எந்தச் சீரோ டேர்னுக்கும் உரிய இடம் இல்லை. அங்கே கிராஸ் கட்டர்தான், அதற்கு உங்களை விட்டால் ஆள் கிடையாது.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். பெரிய மெஷினுக்காக நான் சொன்ன காரணம் எல்லாம் என் கையாலேயே ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பெரியதைக் கொண்டு வந்தாலும் அப்பா வெட்டிய புல்லில் அதை இறக்க முடியாது. கேட்டும் இல்லை என்கிறாய். அப்படி என்றால் நான் இங்கே எதற்காக இருக்கிறேன் என்று தெரியவில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.

சூப்பர்வைசரிடம் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறேன். நீ மெனேஜரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல். இரண்டு இடம் மெஷின், இரண்டு இடம் கை. அவர் என்ன சொல்கிறார் என்று எழுது. இன்னொன்றுக்கும் பதில் வேண்டும். நான் வந்தால் ஒரு சின்ன மெஷினும் இந்தக் கையும்தான். அது உனக்குப் போதுமா?

விஜேந்திரன்


கந்தப்பளை
2025 பெப்ரவரி 5

கேஷிகா அப்பாவுக்கு,

கிளப் மைதானம் மூன்று பாகை, ஆஸ்பத்திரி நாலு. அன்றைக்கு இருந்த மனநிலையில் நல்லது ஒன்றும் எழுத வரவில்லை.

மெனேஜரிடம் நானும் ராசம்மா அக்காவும் போனோம். சிங்களத்தில்தான் பேச வேண்டும், தெரியுமே. அவருக்குப் பெரிய பங்களாவில் மெஷின் ஓடியே ஆக வேண்டுமாம். விருந்தாளிகள் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது கீழே அழகாக ஓடினால் படம் எடுப்பார்களாம். கொழும்பு ஆள் நாலு இடத்தையும் மெஷினாலேயே செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் முடியாது என்றேன். "மாத்தயா, மெஷின் கொளத்துக்குள்ள கெடந்தா படம் இன்னும் நல்லா வரும், ஆனா அதுல ஒக்காந்திருக்கிற ஆளுக்கு யாரு பதில் சொல்றது" என்று கேட்டேன். சிங்களத்தில் கேட்கும்போது இன்னும் கொஞ்சம் காரமாகவே இருந்தது. அவருக்குக் கோபம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் ராசம்மா அக்கா, "ஏண்டி, கொஞ்சம் பணிவாப் பேசியிருக்கலாமே" என்றார். வேலை போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். உங்களுக்கு எழுதாமல் இருந்தது அதனால்.

இன்றைக்குக் காலையில் அவரே வந்தார். கொழும்பு ஆளைக் கூட்டி வந்து பெரிய பங்களாவைக் காட்டினாராம். அவர் சரிவைப் பார்த்துவிட்டு, மெஷினை எங்கே கொண்டு போனாலும் இங்கே இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வேலை நமக்கு. சீசனுக்கு முன்னால் கிளப் மைதானம் முடிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இஸ்ஸதீன் நானாவுக்குச் சொல்லிவிட்டேன். செடியில் மோதியதில் மெஷினுக்கு ஒரு கீறல் விழுந்திருக்கிறது, அதையேதான் எடுக்கிறேன்.

போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வெட்கமாக இல்லையா? கூரைத் தகரம் காற்றில் போனது, பிள்ளைக்கு டெங்கு வந்தது, என் அம்மா இறந்தது, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தியே முடிவெடுத்து, பிறகு உங்களுக்குப் போனில் செய்தி சொன்னேன். கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். கெட்டிக்காரியாக இருந்தது எனக்குப் போதும். ஒரு நாளாவது, 'நீங்க பாத்துக்கங்க' என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும். அதற்கு நீங்கள் வேண்டும். மெஷின் இல்லாமல் வந்திருந்தாலும் வேண்டும்.

ஆனால் ஒன்று, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷினை நான்தான் ஓட்டுவேன். பயந்து இறங்கியவள், ஆகவே நானே மறுபடி ஏற வேண்டும். நானா இன்று மாலையே மெஷினைக் கொண்டு வந்தார், மைதானத்தில் போய் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நின்ற இடத்தில் சுற்றும்போது கேஷிகா ஓரத்தில் நின்று, "அம்மா, இன்னொரு தடவ" என்று கத்தினாள். சீட்டை விட்டுத் தருவதாக எனக்கு எண்ணம் இல்லை.

சுதர்ஷினி


டோஹா
2025 பெப்ரவரி 8

சுதர்ஷினிக்கு,

கையெழுத்துப் போடவில்லை. இன்றைக்குக் காலையில் காகிதத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் ஏன் என்று கேட்டான். என் மனைவி கந்தப்பளையில் புல் வெட்டும் கம்பனி நடத்துகிறாள், அங்கே ஆள் போதாது என்றேன். சம்பளம் கூடவா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் பத்தாம் தேதி விமானம். வேன் பிடித்துக்கொண்டு யாரும் கட்டுநாயக்கவுக்கு வர வேண்டாம், நான் ரயிலில் நானுஓயாவுக்கு வந்துவிடுகிறேன். கேஷிகாவிடம் நீ சொல்லாதே, இன்று மாலை நானே சொல்கிறேன். அவள் தலையைத் தூக்காவிட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டு அவள் கணக்குப் போட்டு முடிக்கும் வரை போனிலேயே இருக்கிறேன்.

மெஷினைப் பற்றி எழுதியிருந்தாய். நீயே ஓட்டு. அதைக் கழுவவும் பூட்டவும் எனக்கு வேலை இருக்கிறது. மற்ற நேரத்தில் எனக்குப் பெரிய பங்களாப் பக்கம் ஒரு கிராஸ் கட்டர் போதும். அப்பா வெட்டிய புல் அது, குளத்துப் பக்கத்தில் இருந்து நான் ஏறி வருகிறேன். ஒன்று மட்டும், இத்தனை வருஷம் தட்டையான மண்ணில் நடந்து நடந்து என் கால் கெட்டுப் போயிருக்கிறது. முதல் நாள் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லி ராசம்மா அக்காவிடம் சொல்லிவை.

விஜேந்திரன்